மதிப்பீட்டுக் குழு வீட்டுக்கு வரட்டும்

2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே வாக்களிக்கத் தேர்தல் ஆணையம் வழிசெய்தது. 12டி படிவம் எழுதிக் கொடுத்தவர்களின் வீடு தேடித் தேர்தல் அலுவலர்கள் வந்தார்கள். உடன் ஒரு காவலர், வீடியோ எடுக்க ஒருவர். படுக்கையில் இருந்தவர் மறைப்புக்குள் தன் வாக்கைப் பதிவுசெய்தார். ஒரே ஒரு வாக்குக்காக மலை ஊர் வரைக்கும் போன குழுக்களும் உண்டு. ஜனநாயகத்துக்குப் பெருமை சேர்த்த ஏற்பாடு அது.

ஆனால், மாற்றுத்திறனாளி என்ற முறையில் அந்த வசதியைப் பெற 40 சதவீதச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கான மருத்துவ மதிப்பீட்டுக்கு மட்டும், எழுந்து உட்கார முடியாதவரையும் தூக்கிக்கொண்டுதான் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது. வெளியே வர முடியாத உடல்நிலையை நிரூபிக்க வெளியே வா என்று அரசு கேட்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கின்றன. இவர்களுக்கு வீட்டுக்கே வந்து மதிப்பிடுவது சலுகையாக அல்ல, உரிமையாக வேண்டும்.

ஒரு அட்டையில் தொங்கும் வாழ்க்கை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதுவரை ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. 2021 ஜூன் 1 முதல் சான்றிதழ்களை இணையதளம் வழியாக மட்டுமே வழங்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. சான்றிதழோடு தனித்துவ அடையாள அட்டை ஒன்றும் வருகிறது. கைபேசியில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். அது வரைக்கும் சிக்கல் இல்லை. அடுத்து, ‘மதிப்பீட்டுக்கு நேரில் வரவும்’ என்று தகவல் வரும்போதுதான் வீட்டில் பேச்சு நின்றுபோகிறது.

அந்த அட்டை இல்லாமல் எதுவும் நகராது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, வருவாய்த் துறையின் மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியம், சக்கர நாற்காலி, பேருந்துச் சலுகை, கல்வி உதவி என்று எல்லாமே அதில் குறிக்கப்படும் பாதிப்புச் சதவீதத்தைப் பொறுத்தவை. 40 சதவீதத்துக்கும் 75 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் வெவ்வேறு கதவுகள் திறக்கின்றன. பாதிப்பு எவ்வளவு கடுமையோ அவ்வளவு உதவி என்பது கொள்கை. பாதிப்பு எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு மதிப்பீட்டு மேஜையைப் போய்ச் சேர்வது கடினம் என்பது நடைமுறை. இரண்டும் மோதும் இடத்தில் முதலில் விழுந்துபோகிறவர், உதவி அதிகம் தேவைப்படுகிறவர்.

2017 விதிகளின்படி, விண்ணப்பம் வந்த ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் வந்த திருத்தம் அதை மூன்று மாதமாக நீட்டித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவாகாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும், மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வர மனமில்லாதவருக்கும் வர வழியில்லாதவருக்கும் இந்த விதி வேறுபாடு பார்ப்பதில்லை. படுக்கையில் இருப்பவரின் விண்ணப்பம் தானாகவே காலாவதியாகும் ஆபத்து இதில் இருக்கிறது.

தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும்

இந்தப் பகுதியின் உழைப்பு உடம்பை உருக்கும் உழைப்பு. தோல் பதனிடும் ஆலையான தோல் ஷாப்பில் ஈரத்தோல் சுமப்பவருக்கு முதுகும் முழங்காலும் சீக்கிரமே போகின்றன. தரை எப்போதும் நனைந்து வழுக்கும். டிரம்மிலும் தோல் சீவும் இயந்திரத்திலும் கையைக் கொடுத்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். துத்திப்பட்டு, சோமலாபுரம், மின்னூர் பக்கம் ஷூ கம்பெனிகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற பெண்கள் ஒருபுறம். ஷூவின் மேல்பகுதியான அப்பரை வீட்டுக்கு வாங்கிவந்து, குனிந்த தலை நிமிராமல் கையால் தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்கள் மறுபுறம்.

கம்பெனியின் பதிவேட்டில் பெயர் இருந்தால், வேலையில் நேர்ந்த விபத்துக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. இருக்கிறது. நிரந்தர ஊனத்துக்கு மருத்துவ வாரியம் பார்த்து, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டு மாதாமாதம் பணம் தரும். அந்த வாரியத்தின் முன் வருகிற தொழிலாளிக்குப் போக்குவரத்துச் செலவும் அன்றைய கூலி இழப்பும் ஈடுகட்டும் ஏற்பாடும் உண்டு. வீட்டில் அப்பர் தைத்த பெண்ணுக்கு முதலாளி யாரென்றே காகிதத்தில் இருக்காது. அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. பக்கவாதம் வந்தாலோ முதுகுத்தண்டில் அடிபட்டாலோ அரசின் மாற்றுத்திறனாளி உதவி ஒன்றே கதி. அவரை நோக்கித்தான் ‘நேரில் வரவும்’ என்ற தகவல் போகிறது.

தூரத்தையும் பாருங்கள். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. ஆம்பூரில் ஒருவருக்குப் பெரிய விபத்து என்றால் வண்டி வடகிழக்கே வேலூரை நோக்கித்தான் போகும். சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சிகிச்சைக் காகிதங்கள் எல்லாம் அங்கேதான். மாவட்டத் தலைநகரோ எதிர்த்திசையில், வாணியம்பாடியைத் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டரில். படுத்த நிலையில் ஒருவரைக் கொண்டுபோகப் பேருந்து உதவாது. வாடகை வண்டி பிடித்துக் காத்திருக்க வைத்தால், கிடைக்கப்போகும் ஒரு மாத உதவித்தொகை அன்றைக்கே போய்விடும். நாயக்கனேரி போன்ற மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வர வேண்டியவர் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ஆட்டோவில் நடந்த மதிப்பீடு

இப்பகுதி அரசு மருத்துவமனை ஒன்றில் மதிப்பீட்டு நாளில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, ஆட்டோவின் பின்சீட்டில் மகள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். பல வருடம் அப்பர் தைத்தவர். வீட்டில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர்ப் பை பக்கத்தில் தொங்கியது. வரிசை கட்டடத்துக்கு உள்ளே இருந்தது. டோக்கன் கொடுப்பவரிடம் ஆட்டோக்காரர் போய்க் கேட்டார்: “சார், அக்காவ எறக்க முடியாது சார். போன தடவ எறக்கி ஏத்துனதுலதான் புண்ணு பிச்சிக்கிச்சு.” அவர் சொன்ன பதில்: “பேர் கூப்பிடும்போது உள்ள வந்தாதாம்பா பாக்க முடியும். நான் என்ன பண்ணட்டும்?” கடுமையாகச் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் நீடித்தால் தோல் செத்துப் புண்ணாகும். அந்தப் புண் எலும்பு வரை இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆட்டோ சீட்டில் அரைநாள் காத்திருப்பது அவருக்கு வெறும் அசௌகரியம் அல்ல, மருத்துவ அபாயம்.

கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் மருத்துவர் வெளியே வந்தார். கையில் முட்டியைத் தட்டும் சிறு சுத்தியலும், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கும் கோணமானியும். மகளைத் துப்பட்டாவை விரித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஆட்டோவின் படியில் முழங்காலிட்டு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். தசையின் பலத்தைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பிட்டுக் குறித்துக்கொண்டார். எந்த இடத்திலிருந்து உணர்வில்லை என்று விரலால் தொட்டுக் கேட்டார். டிஸ்சார்ஜ் காகிதத்தையும் ஸ்கேன் அறிக்கையையும் படித்தார். “முடிஞ்சிதும்மா. இனி உங்கள அலையவிட மாட்டோம்” என்றார். காத்திருந்த நேரத்தில் ஒரு சிறு பகுதிகூட ஆகவில்லை.

அந்த மருத்துவரின் மனசு பெரிது. ஆனால், ஒரு நோயாளியின் உரிமை அன்றைக்குப் பணியில் இருக்கும் மருத்துவரின் மனசை நம்பி இருக்கக் கூடாது. வேறொருவர் இருந்திருந்தால் அந்த அம்மாவை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கியிருப்பார்கள், அல்லது திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. கை, கால், முதுகுத்தண்டு பாதிப்பை அளக்கத் தேவையானவை கோணமானி, அளவு நாடா, சுத்தியல், பழைய மருத்துவக் காகிதங்கள், பயிற்சி பெற்ற கண். செவித்திறனை அளக்க ஒலிபுகா அறை வேண்டும், பார்வையை அளக்கக் கருவிகள் வேண்டும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவது கடினம் என்றால் ஏற்கலாம். நடமாட முடியாதவர்களின் முக்கியமான மதிப்பீட்டுக்கு அந்தத் தடை கிடையாது. புகைப்படத்தையும் கைநாட்டையும் வாங்க ஒரு டேப்லெட் கணினி போதும்.

பெண்களின் நிலை

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. வீட்டுக்குள்ளேயே வேலைசெய்து வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போன மூத்த பெண்கள் பலருக்குத் தமிழ்ப் படிவமும் புரியாது, ஆங்கிலப் படிவமும் புரியாது. கூட்டமான கூடத்தில் ஆண்களுக்கு நடுவே உடையை விலக்கிக் காட்ட எந்தச் சமூகத்துப் பெண்ணும் கூசுவார். அந்தக் கூச்சத்தினாலேயே விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. வீட்டில், தன் மொழி பேசும் ஒருவர் பக்கத்தில் இருக்க, பெண் மருத்துவரோ பெண் இயன்முறை மருத்துவரோ பார்த்தால் அவர் தன் உடல்நிலையை முழுமையாகச் சொல்வார். மதிப்பீடும் துல்லியமாக இருக்கும்.

சட்டம் எந்தப் பக்கம்?

2016ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொருவரின் நிலைக்கேற்ப அவசியமான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து தருவதைச் சட்டம் ‘நியாயமான ஏற்பாடு’ என்கிறது. அதை மறுப்பது பாகுபாடு என்று சட்டத்தின் இரண்டாவது பிரிவே வரையறுக்கிறது. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைச் சட்டத்தின் மையக் கருத்தாக எடுத்து விளக்கியது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லாரும் அணுகும்படி மாற்ற வேண்டும் என்றது 45ஆவது பிரிவு. விதிகள் 2017இல் வந்தன, ஆகவே அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக இருக்க முடியாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

பள்ளி, வங்கி, பேருந்து நிலையம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற இந்தக் கோட்பாடு, மாற்றுத்திறனாளியா என்று பார்க்கும் இடத்துக்கே பொருந்தாமல் போகுமா? வங்கிச் சேவையை மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே கொண்டுபோகும்படி 2017லேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதார் பதிவை வீட்டிலேயே செய்ய வசதி இருக்கிறது. பிரிட்டனில் 2013இல் தொடங்கிய தனிநபர் சுதந்திர உதவித்தொகைக்கான மதிப்பீட்டைக் காகிதங்களை வைத்தும் முடிக்கலாம், தொலைபேசியிலும் காணொளியிலும் செய்யலாம், வீட்டுக்கு வரும்படியும் கேட்கலாம். அங்கும் குறைகள் உண்டு, போராட்டங்கள் உண்டு. ஆனால், எப்படிப் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பதாரர் கேட்க முடிகிறது.

இரண்டு ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம், மருத்துவர்கள் போதாது என்பது. உண்மைதான். எலும்பியல் நிபுணரை அறுவை அரங்கிலிருந்து எடுத்து மலைக்கு அனுப்ப முடியாது. ஆனால், எல்லார் வீட்டுக்கும் போகச் சொல்லவில்லை. வர முடிந்தவர்கள் வரட்டும். வரவே முடியாதவர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் சிறு எண்ணிக்கையினர்தான், அவர்கள் யாரென்பதும் தெரியாத ரகசியம் அல்ல. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வலிநிவாரண செவிலியரும் வீடு வீடாகப் போனார்கள். எந்தத் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களே முதல்நிலை அளவுகளை எடுத்துப் பதிவேற்றலாம். நிபுணர் அதைப் பார்த்து, மாதத்தில் ஒருநாள் வட்டாரத்துக்கு வந்து நேரில் உறுதிசெய்யலாம்.

இரண்டாவது ஆட்சேபம், மோசடி. 2024இல் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரின் சான்றிதழ் குறித்து எழுந்த சர்ச்சைக்குப் பிறகு நாடு முழுவதும் இந்தக் கவலை வலுத்தது. ஏமாற்றிச் சான்றிதழ் வாங்குகிறவருக்கு மருத்துவமனைக்கு வருவதில் சிரமம் ஒன்றும் இல்லை. வீட்டில் போய்ப் பார்ப்பதுதான் கடுமையான சோதனை. கட்டில், கழிப்பறை, வாசற்படி, பக்கத்து வீட்டார் எல்லாம் கண்முன் இருக்கும். மேஜையில் பத்து நிமிடம் பார்ப்பதைவிட அங்கே உண்மை கூடுதலாகத் தெரியும்.

வேலூர் மண்ணின் பாடம்

வீடு தேடிப் போகும் மருத்துவம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே சி.எம்.சி.யை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் வண்டியில் போய், மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார். கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் ரூஷா மையம் 1977 முதல் கிராமங்களுக்குள் இயங்குகிறது.

மேரி வர்கீஸையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சி.எம்.சி.யில் பணியாற்றிய இளம் மருத்துவர் அவர். 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரால் அறுவை மேஜையை எட்ட முடிந்தது உடம்பு குணமானதால் அல்ல. அவருக்கேற்ப வேலையையும் இடத்தையும் மாற்றிக்கொள்ள அந்த நிறுவனம் தயாராக இருந்தது. முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை இந்தியாவுக்குக் காட்டிய ஊர் வேலூர். அதைச் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்கள் இந்த மாற்றத்தில் முன்னால் நிற்பதே பொருத்தம்.

இன்றே கேட்கக்கூடியவை

அரசாணை வரும் வரை குடும்பங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தானே விண்ணப்பிக்க இயலாதவர் சார்பில் பாதுகாவலர் விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. வசிக்கும் மாவட்டத்தில் மட்டுமல்லாமல், சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையின் மருத்துவ அதிகாரியிடமும் சான்றிதழ் கேட்கலாம். அடுக்கம்பாறையில் சிகிச்சை பெற்ற ஆம்பூர்க்காரர் இதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். நேரில் வர முடியாத காரணத்தையும், தேவைப்படும் நியாயமான ஏற்பாட்டையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். மறுத்தால், உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் கொண்ட மாநில ஆணையரிடம் முறையிடலாம். சதவீதம் குறைவாகப் போட்டதாகக் கருதினால் மேல்முறையீடு உண்டு. பாதிப்பு மாற வாய்ப்பில்லை என்றால் நிரந்தரச் சான்றிதழ் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். திரும்பத் திரும்பப் புதுப்பிக்க அலைய வேண்டியதில்லை.

அரசு செய்ய வேண்டியவையும் எண்ணிச் சொல்லிவிடக்கூடியவைதான். மதிப்பீட்டு நாளில் தரைத்தளம், சரிவுப்பாதை, பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, படுத்துக் காத்திருக்கக் கட்டில் ஆகியவை இருக்க வேண்டும். பெயரை வரிசைப்படி கூப்பிடுவதற்குப் பதில் நேரம் குறித்துத் தர வேண்டும். மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டியவர்களுக்கு வண்டிச் செலவைத் தர வேண்டும்; இ.எஸ்.ஐ. வாரியத்துக்குச் சாத்தியமானது மாநில அரசுக்கும் சாத்தியமே. உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் தமிழகம் சட்டம் இயற்றியது. வீட்டைவிட்டு வர முடியாதவர்களின் பட்டியலை ஊர்தோறும் சரிபார்த்துக் கொடுக்கும் பொறுப்பை அந்த உறுப்பினர்களிடம் தரலாம்.

இவற்றுக்கெல்லாம் முதல்படியாக, விண்ணப்பப் படிவத்தில் ‘வீட்டுக்கு வந்து மதிப்பிட வேண்டும்’ என்று ஒரு கட்டம் சேர்க்கப்பட வேண்டும். அதில் குறியிட்டவர் வீட்டுக்கு எத்தனை நாளில் குழு வரும், வராவிட்டால் எந்த அதிகாரி பதில் சொல்வார் என்பதை அரசாணையில் எழுத வேண்டும். குழு வரும்வரை அந்த விண்ணப்பம் காலாவதியாகாது என்றும் அதிலேயே எழுத வேண்டும். திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியர்கள் இதை முன்னோடியாகத் தொடங்கிக் காட்டினால், மாநிலம் முழுவதற்கும் விரிவாக்க சென்னைக்கு வேறு சான்று தேவைப்படாது.